தீராத வியாபாரத் தகராறு: நின்றுபோன தொகை மட்டுமா நஷ்டம்?

ஏழு மாதமாக ஒரு பில் நிற்கிறது. வாங்கியது பெரிய நிறுவனம், அனுப்பியது சிறிய உற்பத்தி நிறுவனம். கடைசியாகப் போன சரக்கில் ஒரு பகுதி தரக்குறைவு என்று சொல்லி மொத்தத் தொகையையும் நிறுத்திவிட்டார்கள். அந்தச் சிறிய நிறுவனத்தை நடத்துபவர் கேட்கிறார்: "வழக்குப் போட்டால் செலவு. போடாவிட்டால் அந்தத் தொகை போகும். அதற்கு மேல் இழக்க என்ன இருக்கிறது? பேசாமல் விட்டுவைத்தால் ஒருநாள் தானாகத் தீர்ந்துவிடாதா?"

தீராது. சிறு நிறுவனங்களின் கணக்குகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். நிறைய பேர் கணக்கைத் தவறவிடுவது இந்த இடத்தில்தான். நின்றுபோன தொகை நஷ்டத்தில் ஒரு பகுதி மட்டுமே. தகராறு தீராமல் கிடக்கும் ஒவ்வொரு மாதமும் தன் பங்குக்கு ஒரு செலவை ஏற்றிக்கொண்டே போகிறது. அந்தச் செலவுக்கு யாரும் பில் அனுப்புவதில்லை, பேரேட்டில் அதற்கென்று ஒரு தலைப்பும் இல்லை. ஆகவே கண்ணில் படுவதில்லை. தோற்றுப்போன வழக்குகூட ஒரு நாளில் முடிந்துவிடும். நான் பார்த்தவரை தோல்வியைவிட முடிவில்லாமல் இழுபட்ட தகராறுகளே சிறு தொழில்களை அதிகம் நொடிக்க வைத்திருக்கின்றன.

முதலில் வட்டியைப் பாருங்கள். பில் தொகை 100 என்று வைத்துக்கொள்வோம். அதில் உங்கள் லாபம் 8, அடக்கவிலை 92. மூலப்பொருளுக்கும் கூலிக்கும் மின்சாரத்துக்கும் அந்த 92 ஏற்கெனவே கையைவிட்டுப் போய்விட்டது. ஆண்டுக்கு 14 சதவீத வட்டிக்கு ஓவர்டிராஃப்ட் எடுத்துத் தொழில் நடத்துகிறீர்கள் என்றால், ஏழு மாதத்தில் இந்த ஒரு பில்லுக்காக நீங்கள் கட்டிய வட்டி ஏழரையைத் தொட்டிருக்கும். அதாவது, எதிர்த்தரப்பு இன்று மனம் மாறி 100-ஐயும் ஒரு காசு குறைக்காமல் கொடுத்தாலும், அந்த ஆர்டரில் நீங்கள் சம்பாதித்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை. இன்னும் ஒரு மாதம் போனால் கைநஷ்டம். பணம் வராமலே போனால் இன்னும் மோசம்: அதே 8 சதவீத லாபத்தில் 1,250-க்குப் புதிதாக விற்றால்தான் அந்த 100-இன் ஓட்டை அடைபடும்.

இது முதல் அடுக்குதான். வங்கிகள் உங்கள் வரவேண்டிய பாக்கிகளை ஈடாக வைத்து அன்றாடச் செலவுக்கான நடைமுறை மூலதனக் கடன் கொடுக்கும்போது, பொதுவாக 90 நாளைத் தாண்டிய பாக்கியைக் கணக்கிலிருந்து கழித்துவிடுவார்கள். பில்லை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு பணம் தரும் ஃபாக்டரிங் நிறுவனங்கள் தகராறு உள்ள பில்லைத் தொடவே மாட்டார்கள். ஆக, பணமும் வரவில்லை, அதைக் காட்டி எடுக்கக்கூடிய கடனும் குறைந்துவிட்டது. மாதக் கடைசியில் சம்பளத்துக்கு இழுபறியாகும்போது, அதன் வேர் நாலு மாதத்துக்கு முன்னால் நின்றுபோன ஒரு பில்லில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதே இல்லை. வியாபாரம் மந்தம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

வரியும் சேர்ந்துகொள்கிறது. சரக்கு சேவை வரி, மதிப்புக்கூட்டு வரி போன்றவை பெரும்பாலும் பில் போட்ட தேதியை வைத்தே கட்டப்படுபவை. பணம் வந்ததா இல்லையா என்று வரித்துறை கேட்பதில்லை. பிரிட்டனில், பணம் வரவேண்டிய நாளிலிருந்து ஆறு மாதமாகியும் வராவிட்டால் கட்டிய மதிப்புக்கூட்டு வரியை நிவாரணமாகத் திரும்பக் கோரலாம். இந்தியாவின் சரக்கு சேவை வரியில் அப்படியொரு வராக்கடன் நிவாரணம் விற்றவருக்கு இல்லை. ஆனால் அங்கே வாங்கியவருக்கு ஒரு நெருக்கடி உண்டு. 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், அந்தப் பில்லுக்கு அவர் எடுத்த உள்ளீட்டு வரி வரவை (வாங்கியபோது விதிக்கப்பட்ட வரியைத் தன் வரியிலிருந்து கழித்துக்கொண்ட தொகையை) வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். பேச்சுவார்த்தையில் இதை நினைவூட்டுவது மிரட்டல் ஆகாது. எதிர்த்தரப்பின் கணக்குப் பிரிவுக்கே இது பயன்படும் தகவல்.

பிறகு உங்களுக்குச் சரக்கு கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பத்து நாளில் கட்டினால் 2 சதவீதத் தள்ளுபடி, இல்லையென்றால் முப்பது நாள் தவணை என்பது பல தொழில்களில் பழக்கமான ஏற்பாடு. கையில் பணம் இல்லாமல் அந்தத் தள்ளுபடியை விடுகிறோம், இரண்டு சதவீதம்தானே என்று தோன்றும். இருபது நாள் கூடுதல் தவணைக்காக 98-க்கு 2 கொடுப்பதை ஆண்டுக் கணக்காக்கிப் பாருங்கள், 37 சதவீதம் வருகிறது. எந்த வங்கியும் கேட்காத வட்டி. தகராறு நீடித்தால் அதுவும் போதாமல், நீங்களே உங்களுக்குக் கீழே இருப்பவரின் பணத்தை இழுத்தடிக்கத் தொடங்குவீர்கள். அவர் உங்களைவிடச் சிறியவராக இருப்பார். ஒரு பெரிய நிறுவனம் நிறுத்திய ஒரு பில், மூன்று படி கீழே யாரோ ஒருவருக்குக் கூலி நாளில் பணமில்லாமல் செய்துவிடுகிறது. இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் பகுதி. அந்தக் கடைசி ஆளுக்குத் தகராறு என்னவென்றே தெரியாது.

இப்போது எவரும் கணக்கில் எழுதாத செலவுக்கு வருகிறேன்: உரிமையாளரின் நேரமும் கவனமும். பெரிய நிறுவனத்தில் சட்டப் பிரிவு இருக்கிறது. தகராறு அங்கே ஒரு கோப்பு. சிறு நிறுவனத்தில் ஆர்டர் பிடிப்பவர், தரம் பார்ப்பவர், வங்கியில் பேசுபவர், செக்கில் கையெழுத்துப் போடுபவர் எல்லாம் ஒரே ஆள். அவர் வாரத்தில் ஐந்து மணி நேரம் பழைய மின்னஞ்சல்களைத் தேடுவதிலும் வழக்கறிஞரைப் பார்ப்பதிலும் செலவழித்தால், ஆண்டுக்கு 250 மணி நேரம். எட்டு மணி வேலைநாளாகக் கணக்கிட்டால் ஒரு மாதத்துக்கும் மேலான முழு வேலை. அந்த நாட்களில் அவர் பிடித்திருக்கக்கூடிய ஆர்டர்கள் எந்த ஐந்தொகையிலும் வராது.

மணிக் கணக்கில் சேராத இன்னொரு இழப்பும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு பெட்டித் தயாரிப்பாளருக்கு ஒரே ஒரு பாக்கி இரண்டு ஆண்டு இழுத்தது. அவர் அந்தத் தொகையை இழந்தும் தாங்கினார். ஆனால் அந்த இரண்டு ஆண்டும் புதிதாக யார் வந்து தவணை கேட்டாலும் முன்பணம் இல்லாமல் முடியாது என்று திருப்பி அனுப்பினார். நல்ல வாடிக்கையாளர்கள் வேறிடம் போனார்கள். வாங்க நினைத்திருந்த இயந்திரத்தைத் தள்ளிப்போட்டார், அதற்குள் பக்கத்துத் தொழிற்கூடத்துக்காரர் வாங்கிவிட்டார். பாக்கி பிறகு பாதியாக வந்தது. போன சந்தை வரவில்லை.

இந்தத் தகராறுகள் ஏன் இவ்வளவு நீளுகின்றன? எதிர்த்தரப்பு கெட்டவர் என்பதால் மட்டும் இல்லை. தாமதத்தின் விலை இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லாததுதான் காரணம். உங்கள் 100 அவர்களிடம் இருக்கும்வரை அது அவர்களுக்கு வட்டியில்லாக் கடன். உங்களுக்கு அதே 100 தினமும் தேய்கிறது. இந்த நிலையில் அவசரப்பட அவர்களுக்கு எந்தத் தேவையும் இல்லை. அவர்களுக்காகவே வார்ப்பச்சு செய்திருந்தால், அவர்களுடைய அளவுக்கென்றே மூலப்பொருள் வாங்கி வைத்திருந்தால், நிலைமை இன்னும் சாய்ந்துவிடும். அந்த முதலீடு வேறு யாருக்கும் பயன்படாது என்பது அவர்களுக்கும் தெரியும். 2009-ஆம் ஆண்டு பொருளாதார நோபல் பரிசை எலினார் ஆஸ்ட்ரமுடன் பகிர்ந்துகொண்ட ஆலிவர் வில்லியம்சன் தன் ஆய்வில் விளக்கியது இந்தப் பொறியைத்தான். ஒருவருக்கென்றே முதலீடு செய்து முடித்த மறுகணம் பேரம் பேசும் பலம் கைமாறிவிடுகிறது. தொழில் தெரிந்தவர்கள் இதைப் படிக்காமலே உணர்ந்திருப்பார்கள்.

சரி, நீதிமன்றம்? உலக வங்கி ஒரு காலத்தில் நாடுதோறும் ஒரு சாதாரண வணிக வழக்கு முடிய எத்தனை நாள், எவ்வளவு செலவு என்று அளந்து வெளியிட்டது. அந்த அறிக்கை தரவுக் குளறுபடிகள் தெரியவந்து 2021-இல் நிறுத்தப்பட்டது. ஆகவே துல்லியமான தரவரிசையாக அதை எடுக்க வேண்டாம். ஆனால் நாடுகளுக்கு இடையே உள்ள தூரம் எவ்வளவு என்று பார்க்க உதவும். அதன் 2020 பதிப்பில் சிங்கப்பூருக்கு 164 நாள், இந்தியாவுக்கு 1,445 நாள். செலவு, இரண்டு நாட்டிலும் கேட்கும் தொகையில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில். வேகமான சிங்கப்பூரிலும் அது கால் பங்குக்குக் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம்மவர்கள் சொன்னது சிறிய தொகை வழக்குகளுக்கு அப்படியே பொருந்தும். வழக்கின் செலவில் ஒரு பகுதி, கேட்கும் தொகை எவ்வளவாக இருந்தாலும் ஒன்றுதான். 100 கேட்டாலும் 10,000 கேட்டாலும் மனு எழுதத்தான் வேண்டும், சாட்சி கொண்டுவரத்தான் வேண்டும்.

இதை எண்ணில் போட்டுப் பாருங்கள். உங்கள் நியாயம் பலமானது, வெல்லும் வாய்ப்பு 70 சதவீதம் என்று வழக்கறிஞர் சொல்கிறார். வென்றபின் உண்மையில் வசூலாகும் வாய்ப்பு 80 சதவீதம். தீர்ப்பு வேறு, வசூல் வேறு. பலர் இதை மறந்துவிடுகிறார்கள். இரண்டையும் பெருக்கினால் 100 என்பது 56 ஆகிறது. பணம் ஆண்டுக்கு 15 சதவீதம் வளரும் என்று வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டால், மூன்று ஆண்டு கழித்து வரும் 56-இன் இன்றைய மதிப்பு 37-க்குச் சற்றுக் கீழே. நீதிமன்றச் செலவு 15, உங்கள் நேரத்துக்கு 5 கழித்தால் மிஞ்சுவது ஏறத்தாழ 17. தீர்ப்பில் ஆண்டுக்கு 6 சதவீதம் வட்டி சேர்த்துக் கொடுத்தாலும் 23 அல்லது 24-க்கு மேல் போகாது. எண்களை உங்கள் நிலைமைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், முறை இதுதான். இப்போது எதிர்த்தரப்பு 60 தருகிறேன் என்றால் அதைக் கேட்டு ரத்தம் கொதிக்கும். கொதிக்கட்டும், ஆனால் 60-ஐ ஒப்பிட வேண்டியது 17-உடன். 100-உடன் ஒப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதால்தான் தகராறுகள் ஐந்து ஆண்டு ஓடுகின்றன.

இதற்காக எப்போதும் விட்டுக்கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு பில்லிலும் ஏதாவது ஒரு குறை சொல்லி ஐந்து, பத்து என்று கழிப்பதை வழக்கமாக வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள் உண்டு. அவர்களிடம் ஒருமுறை 60-க்கு ஒப்புக்கொண்டால் அடுத்த பில்லின் விலையும் 60 ஆகிவிடும். அங்கே ஒரு தகராறின் கணக்கு போதாது, உறவின் கணக்கைப் போட வேண்டும். அந்த வாடிக்கையாளர் இல்லாமலே தொழில் நடக்குமா என்பதுதான் அங்கே உண்மையான கேள்வி.

காத்திருந்தால் தீராதா என்று கேட்டீர்களே. காத்திருக்கும்போது உங்கள் கையில் இருப்பவை ஒவ்வொன்றாக நழுவுகின்றன. சரக்கை இறக்கிக் கையெழுத்துப் போட்ட ஊழியர் வேலையை விட்டுப் போவார். ஆர்டர் உறுதியான வாட்ஸ்அப் உரையாடல் பழைய கைபேசியோடு போகும். குறை உள்ளது என்று சொன்ன சரக்கையே அவர்கள் பயன்படுத்தி முடித்துவிடுவார்கள், அதன்பிறகு எந்த நிபுணராலும் சோதிக்க முடியாது. கடைசியாக, கேட்கும் உரிமையே போய்விடும். விற்ற சரக்கின் பணத்துக்கு வழக்குப் போட இந்தியாவில் மூன்று ஆண்டுதான் காலவரம்பு. இங்கிலாந்தில் ஒப்பந்தக் கோரிக்கைகளுக்கு ஆறு ஆண்டு. ஜெர்மனியில் மூன்று ஆண்டு, கோரிக்கை எழுந்த ஆண்டின் முடிவிலிருந்து. பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதால் மட்டும் கடிகாரம் எல்லா இடத்திலும் நின்றுவிடாது. ஆனால் இந்தியாவிலும் இங்கிலாந்திலும், காலவரம்பு முடிவதற்குள் கடன் உண்டு என்று எதிர்த்தரப்பு எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ ஒரு பகுதியைக் கட்டினாலோ அன்றிலிருந்து புதிதாக எண்ணத் தொடங்கும். இவ்வளவு பாக்கி உண்டு என்று எதிர்த்தரப்பிடம் ஆண்டு முடிவில் தணிக்கைக்காகக் கையெழுத்து வாங்கும் நிலுவை உறுதிக் கடிதத்தை வெறும் சம்பிரதாயமாக நினைக்காதீர்கள். இந்தியாவில் அது ஒரே தாளில் கிடைக்கும் புதிய மூன்று ஆண்டு அவகாசம்.

உங்கள் தகராறில் நான் முதலில் கேட்பது ஒன்றே ஒன்று: தரக்குறைவு என்று அவர்கள் எழுத்தில் சொன்னது எந்தத் தேதி? சரக்கு போய்ச் சேர்ந்த வாரமா, பணம் கேட்டு நீங்கள் மூன்றாவது முறை எழுதிய பிறகா? வணிகச் சட்டம் பல நாடுகளில் இதில் கறாராக இருக்கிறது. ஜெர்மன் வணிகச் சட்டத் தொகுப்பின் 377-ஆம் பிரிவு, வணிகர்களுக்கு இடையிலான விற்பனையில் சரக்கு வந்ததும் தாமதமின்றிச் சோதித்துக் குறையைச் சொல்ல வேண்டும் என்கிறது. சொல்லாவிட்டால், சோதனையில் தெரியக்கூடிய குறைக்கு ஏற்றுக்கொண்டதாகவே பொருள். நாடுகளுக்கிடையிலான சரக்கு விற்பனைக்கான 1980-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 39-ஆம் பிரிவு, நியாயமான காலத்துக்குள் அறிவிப்புத் தர வேண்டும் என்றும், எப்படியும் இரண்டு ஆண்டுக்கு மேல் போகக்கூடாது என்றும் சொல்கிறது. இந்தியாவின் 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டத்தில், சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் இல்லையென்றால் ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். பதிவு செய்த சிறு நிறுவனத்துக்குப் பணம் 45 நாளைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவித்த வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு, அதுவும் மாதக் கூட்டுவட்டி. பணம் கொடுப்பதில் தாமதம் பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011 வழிகாட்டு ஆணையில் வட்டி மத்திய வங்கி விகிதத்துக்கு மேல் குறைந்தது 8 சதவீதப் புள்ளி, வசூல் செலவுக்குக் குறைந்தது 40 யூரோ. இவையெல்லாம் இழுத்தடிப்பவருக்கும் தாமதத்தின் விலையை உணர்த்துவதற்காக எழுதப்பட்டவை. ஆனால் சிறு நிறுவனங்கள் அந்த வட்டியைக் கேட்பதே இல்லை. வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வார் என்ற பயம். பயம் நியாயமானது. வட்டியை விட்டுக்கொடுப்பதும் தப்பில்லை. ஆனால் கேட்டு, எண்ணைக் காட்டி, அதன்பின் சமரசத்தில் விட்டுக்கொடுங்கள். கேட்காமலே விட்டால் அதற்குப் பதிலாக எதையும் பெற முடியாது.

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு கட்டுமானத் துறையில் வந்தது. பிரிட்டனில் 1996-இல் இயற்றி 1998 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டப்படி, கட்டுமான ஒப்பந்தத் தகராறில் எந்தத் தரப்பும் எந்த நேரமும் ஒரு நடுநிலை நிபுணரிடம் போகலாம். அவர் 28 நாளில் முடிவு சொல்ல வேண்டும். முடிவு தற்காலிகமானதுதான், பிறகு நீதிமன்றம் போகத் தடையில்லை. ஆனால் அதுவரை அதன்படி பணம் கொடுத்தே ஆக வேண்டும். முதலில் பணம், வாதம் பிறகு. சிங்கப்பூரும் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸும் இதே கொள்கையில் தங்கள் சட்டங்களை வைத்திருக்கின்றன. நூறு சதவீதம் சரியான தீர்ப்பைப் பல ஆண்டு கழித்துத் தருவதைவிட, ஏறக்குறைய சரியான ஒன்றை ஒரு மாதத்தில் தருவது சிறு ஒப்பந்தக்காரரைப் பிழைக்க வைக்கும் என்பதை அந்தச் சட்டம் புரிந்துகொண்டிருக்கிறது. உங்கள் துறைக்கு இப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும், இதே ஏற்பாட்டை அடுத்த ஒப்பந்தத்தில் ஒரு பத்தியாக எழுதிக்கொள்ள யாரும் தடுக்கவில்லை: குறை சொல்ல இத்தனை நாள், சோதிக்க இரு தரப்பும் ஏற்கும் ஒரு ஆள், தகராறு இல்லாத பகுதிக்கு உரிய நாளில் பணம்.

கூட்டாளிகளுக்குள் வரும் தகராறை இங்கே நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு வார்த்தை. வங்கிக் கணக்குக்கு இரண்டு கையெழுத்து தேவை என்றிருக்கும் இடத்தில் ஒருவர் கையெழுத்து நின்றுபோனால், வெளியே எந்தப் பாக்கியும் இல்லாத லாபகரமான தொழிலும் சில வாரங்களில் முடங்கும். முட்டுக்கட்டை வந்தால் யார் யாருடைய பங்கை எந்த விலையில் வாங்குவது என்று நல்லுறவு இருக்கும்போதே எழுதி வையுங்கள்.

சமரசம் பற்றிக் கேட்பவர்கள், எழுதிக் கையெழுத்தான பிறகு எதிர்த்தரப்பு மீறினால் என்ன செய்வது என்கிறார்கள். நடுநிலையாளர் ஒருவரின் உதவியோடு எட்டிய, எல்லை தாண்டிய வணிகச் சமரசங்களுக்கு 2019 ஆகஸ்டில் சிங்கப்பூரில் 46 நாடுகள் கையெழுத்திட்டுத் தொடங்கிய உடன்படிக்கை 2020 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதை ஏற்று உறுதிசெய்த நாடுகளில் சமரச ஒப்பந்தத்தையே நேரடியாக நிறைவேற்றக் கோரலாம். உள்நாட்டில் அதற்கு எளிய வழி, தவணைத் தேதிகளையும் தவறினால் முழுத்தொகையும் உடனே வசூலிக்கலாம் என்ற வரியையும் சமரசத்திலேயே சேர்ப்பது.

உங்கள் தகராறில் நான் செய்வது இது. சரக்கில் ஒரு பகுதிதான் குறை என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள், ஆனால் நிறுத்தியிருப்பது மொத்தத்தையும். எனவே இந்த வாரமே ஒரு கடிதம் அனுப்புங்கள். அதில் குறை சொல்லப்பட்ட பகுதியின் தொகையைத் தனியாகப் பிரித்துக் காட்டுங்கள். மீதிக்கு உடனடியாகப் பணம் கேளுங்கள். பிரிக்கப்பட்ட பகுதிக்கு, சரக்கைக் கூட்டாகச் சோதிக்க இரண்டு தேதிகளைக் கொடுங்கள். இன்றுவரை ஏறிய வட்டியை ஒரு வரியில் எண்ணாக எழுதுங்கள், கோபமில்லாமல். அவர்கள் மீதியைக் கொடுக்க முன்வந்தால், 'முழு இறுதித் தீர்வாக' (அதாவது, இதற்கு மேல் எதுவும் கேட்க முடியாது) என்ற சொற்கள் காசோலையிலோ கடிதத்திலோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிரித்துக் காட்டிய பகுதிக்கான கோரிக்கை நிற்கிறது என்று முன்கூட்டியே எழுதிவிட்டு வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் பணத்தைக் கணக்கில் போடுவதற்கு முன் வழக்கறிஞரிடம் அந்த ஒரு தாளைக் காட்டிவிடுங்கள். பதிலுக்கு 15 நாள் கொடுங்கள். பதினாறாம் நாள் சமரசத்துக்கா, நோட்டீசுக்கா, இல்லை வராக்கடனாக எழுதித் தள்ளுவதா என்பதை இப்போதே முடிவுசெய்து, அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்துவிட்டுக் கடிதத்தை அனுப்புங்கள்.